விண்ணப்பமே முதல் வினாத்தாள்
(இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சை குறித்து நிலாவெளியில் பட்டதாரிகள் முன் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)

இலங்கை நிர்வாக சேவை நாடு முழுவதற்கும் பொதுவான அரச சேவை. பிரதேச செயலாளர்களும், அரசாங்க அதிபர் என்று மக்கள் இன்றும் அழைக்கும் மாவட்டச் செயலாளர்களும், திணைக்களத் தலைவர்களிலும் அமைச்சின் செயலாளர்களிலும் பலரும் இந்தச் சேவையிலிருந்து வருபவர்கள். புதிதாகச் சேர்பவர் மூன்றாம் தரத்தில் சேர்கிறார். உதவிப் பிரதேச செயலாளர், உதவிப் பணிப்பாளர், உதவிச் செயலாளர் போன்ற பதவிகளில் ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. அதன் பின் இரண்டாம் தரம், முதலாம் தரம், விசேட தரம் என்று ஏற வேண்டும். சேவைக்குள் நுழைய வழிகள் சில உண்டு. ஏற்கெனவே அரச சேவையில் இருப்போருக்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை இருக்கிறது. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் ஒருவருக்குத் திறந்திருக்கும் வாசல், திறந்த போட்டிப் பரீட்சை.

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே சுமார் 15 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இங்கே கோணேசபுரியில் இருக்கிறது. ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளிவரும் ஊர் என்பதால், போட்டிப் பரீட்சை பற்றிய பேச்சு இங்கே தேநீர்க் கடையிலும் கேட்கும். அந்தப் பேச்சு பெரும்பாலும் என்ன படிப்பது, எந்த வகுப்புக்குப் போவது, வெட்டுப்புள்ளி எவ்வளவு வரும் என்பவற்றைச் சுற்றியே இருக்கும். படிப்புக்கு ஆறு மாதம், படிவத்துக்கு அரை மணி நேரம் என்பதே வழக்கம். படிவத்தில் தவறியவருக்கோ அந்த ஆறு மாதமும் வீண்போகும். விதியை வாசித்து, ஆவணத்தைச் சரிபார்த்து, திகதிக்குள் செய்து முடிப்பதுதான் நிர்வாகியின் அன்றாட வேலை. அந்த வேலையில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் காட்டுவது விண்ணப்பப் படிவமே.

பரீட்சை வந்த வழி

அரச உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சையால் ஆள் எடுக்கும் வழக்கம் சீனாவில் பல நூற்றாண்டுகள் நிலைத்து 1905இல் நிறுத்தப்பட்டது. பிரித்தானியாவில், சிபாரிசை ஒழித்துப் பரீட்சையால் ஆளெடுக்க வேண்டும் என்று 1854இல் வெளியான நோர்த்கோட் – ட்ரெவெலியன் அறிக்கை வலியுறுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டு இந்திய சிவில் சேவைக்கு லண்டனில் போட்டிப் பரீட்சை தொடங்கியது.

இலங்கையில் 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்கள் சிவில் சேவையின் கதவை இலங்கையருக்கும் திறந்துவிட வேண்டும் என்றன. ஆனாலும் திறந்த போட்டியில் வென்று அந்தச் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையரைக் காண 1875 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த பொன்னம்பலம் அருணாசலம். நீதவான், நீதிபதிப் பதவிகளை வகித்த பின் பதிவாளர் நாயகமாகி, 1901ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பை அவர் நடத்தினார். இன்று நிலாவெளியிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழைப் பெறுவது அதே பதிவாளர் நாயகம் திணைக்களத்திடமிருந்துதான்.

காலனி ஆட்சியில் பரீட்சையின் முதல் தடை கடல். 1904இல் லண்டனில் பரீட்சை எழுதிய லெனார்ட் வுல்ஃப், உயர்ந்த இடங்களுக்குப் புள்ளி போதாமல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய முதல் பணியிடம் யாழ்ப்பாணம். லண்டனில் புள்ளி குறைந்தவர் யாழ்ப்பாணத்தை ஆளப் போதுமானவர் என்று கருதப்பட்ட காலம் அது. இந்தியாவிலும் 1922இல் அலகாபாத்தில் பரீட்சை தொடங்கும் வரை, கப்பல் கட்டணம் இல்லாதவருக்குச் சேவையும் இல்லை.

1963 மே 1ஆம் திகதி இலங்கை சிவில் சேவை ஒழிக்கப்பட்டு, நிர்வாக சேவை உருவானது. கிராமப்புறங்களில் காரியாதிகாரிகள் என்று அறியப்பட்ட பிரிவு வருமான உத்தியோகத்தர்களும் இந்தப் புதிய சேவைக்குள் வந்தனர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களை மாற்றியதும், மக்கள் அன்றாடம் காணும் அரசின் முகமாகப் பிரதேச செயலகம் ஆனது. திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளி, கிண்ணியா, மூதூர், கந்தளாய், வெருகல் உட்பட 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. பரீட்சையில் தேறுபவர் அமரப்போகும் நாற்காலிகளில் சில இந்தப் பிரிவுகளில்தான் இருக்கின்றன.

ஆட்சேர்ப்பை நடத்தும் பொறுப்பு இரண்டு அமைப்புகளிடம் இருக்கிறது. நியமன அதிகாரம் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு உரியது. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் பிறந்த இந்த ஆணைக்குழு 1972இல் அதிகாரம் இழந்தது. அந்த அதிகாரம் அமைச்சரவையிடம் போனது. 2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம் ஆணைக்குழுவைச் சுயாதீன ஆணைக்குழுக்களில் ஒன்றாக்கியது. அதன் பின் வந்த திருத்தங்கள் அந்தச் சுதந்திரத்தைக் குறைத்தும் கூட்டியும் வந்துள்ளன. எழுத்துப் பரீட்சையை நடத்துவது பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களம். விண்ணப்பம் போய்ச் சேரும் இடமும் அதுவே.

எந்த மொழியில் எழுதுவது

படிவத்தில் சின்னதாய் ஒரு கட்டம் இருக்கும்: பரீட்சைக்குத் தோற்றும் மொழி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றில் ஒன்றை அங்கே குறிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் தமிழ் இடம்பெற்ற கதை நீளமானது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டியவர்களானார்கள். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த செல்லையா கோடீஸ்வரனுக்கு, அந்தத் தேர்ச்சி இல்லை என்ற காரணத்தால் 1962இல் ஆண்டுச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று 1964இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மேல் வழக்காட முடியாது என்று சொல்லி 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்று கூறி, சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மறுபடியும் கொழும்புக்கே அனுப்பிவைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் வரவேயில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. ஓர் எழுதுவினைஞரின் சம்பள ஏற்றத்தில் தொடங்கிய வழக்கு, அரச சேவையில் மொழி என்பது சோற்றுப் பிரச்சினை என்பதை நாட்டுக்கு உணர்த்தியது.

1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. 1988 டிசம்பரின் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்து எழுதியது. அரச சேவைக்குச் சேர்க்கும் எந்தப் பரீட்சைக்கும் சிங்களத்திலோ தமிழிலோ தான் விரும்பும் மொழியிலோ தோற்றும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. கடமைக்குத் தேவையானால், சேவையில் சேர்ந்தபின் நியாயமான காலத்துக்குள் மற்ற மொழியில் போதிய அறிவைப் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. 2007 ஜூலை 1ஆம் திகதி முதல் சேவையில் சேர்வோர் ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அந்த ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று விதித்தது. விவரங்களைப் பின்வந்த சுற்றறிக்கைகள் திருத்தின. இந்த நிபந்தனை சிங்கள உத்தியோகத்தருக்கும் சமமாகவே பொருந்தும். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கணிசமாக வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தில், இரு மொழியும் அறியாத உத்தியோகத்தர் மாவட்ட மக்களில் ஒரு பகுதியாருடன் மொழிபெயர்ப்பாளர் வழியேதான் பேச முடியும்.

எந்த மொழியைக் குறிப்பது என்பதை உணர்ச்சியால் தீர்மானிப்பதில் பயனில்லை. விண்ணப்பத்தில் குறித்த மொழியைப் பின்னர் மாற்ற அனுமதி கிடைக்காது. பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் முடித்தவர்களில் பலர், பாடநூல் ஆங்கிலத்தை வாசிக்க வல்லவர்கள். ஆனால் மூன்று மணி நேரத்தில் அந்த மொழியிலேயே வாதித்து எழுதப் பழகியிருக்க மாட்டார்கள். தமிழில் எழுதுவோருக்கு வேறொரு தொல்லை கலைச்சொற்களால் வரும். சந்தையில் கிடைக்கும் வழிகாட்டி நூல்களில் சில தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே மேலாண்மை என்பது இங்கே முகாமைத்துவம். அங்கே ஆட்சிமொழி, இங்கே அரச கரும மொழி. அங்கே தேதி, இங்கே திகதி. வினாத்தாள் இலங்கைச் சொற்களில் வரும் என்பதால் விடையும் அவற்றிலேயே இருப்பது நல்லது. இந்திய அரசியலமைப்பின் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டு பெலவத்தையின் வினாத்தாளை எதிர்கொள்ள முடியாது.

அறிவித்தலை வாசித்தல்

பரீட்சை பற்றிய அதிகாரபூர்வமான அறிவித்தல் இலங்கை வர்த்தமானியில் வெளியாகும். வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியின் முதலாம் பகுதி, இரண்டு (அ) தொகுதி பதவி வெற்றிடங்களுக்கும் பரீட்சைகளுக்கும் உரியது. முன்பு கச்சேரியிலும் நூலகத்திலும் போய்ப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்ததை இப்போது கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். கைப்பேசியால் வந்த கேடும் ஒன்று உண்டு. அறிவித்தலின் ஒரு பக்கத்தை மட்டும் யாரோ படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அதுவே முழு அறிவித்தல் என்று நம்புவோர் உண்டு. நிபந்தனைகள் அடுத்த பக்கத்தில் இருக்கும்.

அறிவித்தலை மூன்று தடவை வாசிப்பது நல்ல பழக்கம். முதல் வாசிப்பில் தனக்குத் தகுதி உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வாசிப்பில் திகதிகளையும் தொகைகளையும் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வாசிப்பு, படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகச் செய்ய வேண்டியது. மூன்று மொழிகளிலும் வெளியாகும் அறிவித்தல்களில் வழமையாகக் காணப்படும் ஒரு வாசகத்தை மறக்கக்கூடாது: மொழிகளுக்கிடையே முரண்பாடு எழுந்தால் சிங்கள வாசகமே செல்லும். தமிழ் அறிவித்தலில் ஒரு திகதியோ நிபந்தனையோ பொருந்தாததுபோல் தோன்றினால், சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவருடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

எந்தச் சேவைக்கான அறிவித்தல் என்பதிலும் குழப்பம் வருவதுண்டு. நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை, கணக்காளர் சேவை, கல்வி நிர்வாக சேவை போன்றவை நாடளாவிய சேவைகள். கிழக்கு மாகாண சபையின்கீழ் வரும் பதவிகளுக்குத் திருகோணமலையில் இயங்கும் மாகாண அரச சேவை ஆணைக்குழு தனியே ஆள் சேர்க்கிறது. இரண்டுக்கும் நிபந்தனை வேறு, படிவம் வேறு, முகவரி வேறு. மாகாண அறிவித்தலில் கண்ட நிபந்தனையை நாடளாவிய பரீட்சைக்குப் பொருத்திப் பார்த்து ஏமாந்தவர்கள் ஊரில் உண்டு.

தகைமைகள்

திறந்த போட்டிப் பரீட்சைக்கு இலங்கைக் குடியுரிமையும் அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் அடிப்படைத் தேவைகள். பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். வணிகம் படித்தவரும் சித்த மருத்துவம் படித்தவரும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். நன்னடத்தையும், நாட்டின் எந்தப் பகுதியிலும் கடமையாற்றத்தக்க உடல் நலமும் இவற்றுடன் கேட்கப்படுகின்றன. வயதெல்லை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஆகவே அண்ணனோ அக்காவோ விண்ணப்பித்த ஆண்டின் எல்லையை நம்பக்கூடாது. கையிலிருக்கும் அறிவித்தலே சாட்சி.

இங்கே பலரும் வழுக்கி விழும் சொல் ஒன்று இருக்கிறது: ‘அன்றுள்ளவாறு’. எல்லாத் தகைமைகளும் அறிவித்தல் குறிக்கும் நாளில், பெரும்பாலும் விண்ணப்பம் ஏற்கும் இறுதித் திகதியில், முழுமையாக இருக்க வேண்டும். இறுதியாண்டுப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர் அன்று பட்டதாரி ஆகமாட்டார். பட்டமளிப்பு விழா நடந்த நாளும் பட்டம் வலுப்பெற்ற நாளும் ஒன்றல்ல. பல்கலைக்கழகம் பட்டச் சான்றிதழிலோ பெறுபேற்றுக் கடிதத்திலோ குறிக்கும் ‘பட்டம் வலுவுக்கு வரும் திகதி’யே கணக்கில் எடுக்கப்படும். அது இறுதித் திகதிக்கு ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அந்தத் தடவை வாசல் மூடியதுதான்.

ஏற்கெனவே அரச வேலையில் இருப்பவர், திறந்த பரீட்சையானாலும் தம் திணைக்களத் தலைவர் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலை ஆசிரியரின் விண்ணப்பம் அதிபர், வலயக் கல்வி அலுவலகம் என்று மேசை மேசையாகப் போய்வர நாள் எடுக்கும். அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்தே தொடங்க வேண்டும்.

படிவம்

பல ஆண்டுகளாக வழக்கிலிருந்த தாள் விண்ணப்பம், விண்ணப்பதாரரே தயாரிக்க வேண்டிய ஒன்று. வர்த்தமானியில் உள்ள மாதிரியைப் பார்த்து, ஏ-4 தாளின் இரு பக்கமும் பயன்படுத்தி, எந்த இலக்கம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறதோ அப்படியே அமைக்க வேண்டும். தமிழ் விண்ணப்பத்தின் தலைப்பில் பரீட்சையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்பதும் வழமையான நிபந்தனை. மாதிரியிலிருந்து விலகிய படிவம் நிராகரிக்கப்படலாம். தட்டச்சுக் கடைக்காரர் பழைய பரீட்சையின் படிவத்தைத் தலைப்பை மட்டும் மாற்றி அச்சிட்டுக் கொடுப்பதும் உண்டு. வாங்குபவர் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால், தவறு அவருடையதாகவே கொள்ளப்படும்.

பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தடவை, முதலெழுத்துகளுடன் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கேட்கப்படும். அதன் கீழே தேசிய அடையாள அட்டை இலக்கம். இந்த இலக்கம் வெறும் வரிசை எண் என்று எண்ணக்கூடாது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் இறுதியில் ஆங்கில எழுத்து ஒன்றும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் உள்ளன. தொடக்க இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. ஆகவே படிவத்தில் எழுதிய பிறந்த திகதியும் அடையாள அட்டையும் ஒத்துப்போகின்றனவா என்பதைச் சரிபார்ப்பவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். எழுதுபவர் அதற்கு முன்பே கண்டுகொள்வது நல்லது.

படிவத்தின் கடைசியில் கையொப்பமும் அதை உறுதிப்படுத்தலும் வருகின்றன. அரச பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சத்தியப் பிரமாண ஆணையாளர், சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு, அறிவித்தலில் சொல்லப்பட்ட பதவியிலுள்ள உத்தியோகத்தர் ஆகியோரில் ஒருவர் அதைச் செய்யலாம். உறுதிப்படுத்துபவர் இரண்டு விஷயங்களுக்குச் சாட்சி சொல்கிறார்: விண்ணப்பதாரர் தமக்கு அறிமுகமானவர், அவர் தமக்கு முன்பாகவே கையொப்பமிட்டார். வீட்டிலேயே கையொப்பமிட்டு, தம்பியிடம் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திவரச் செய்வது இந்த இரண்டாவது சாட்சியத்தைப் பொய்யாக்குகிறது. நிர்வாக சேவையில் சேரப்போகும் ஒருவர் தம் முதல் ஆவணத்திலேயே பொய்ச் சாட்சி வாங்குவது அழகன்று. உறுதிப்படுத்துபவரின் பெயர், பதவி, முகவரி, திகதி, முத்திரை ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும். முத்திரையின் மை காயும் முன் தாளை மடித்தால் அது எதிர்ப்பக்க எழுத்தில் படியும் என்பதும் சின்ன விஷயந்தான், ஆனாலும் நடக்கும்.

பெயரும் சான்றிதழும்

தமிழ்ப் பெயர்கள் படிவத்துடன் இலேசில் ஒத்துப்போவதில்லை. தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே என்பது தமிழர் வழக்கம். பிறப்புச் சான்றிதழில் தன் பெயர் மட்டும் இருக்கும். பாடசாலைப் பதிவில் தந்தை பெயரும் சேர்ந்திருக்கும். அடையாள அட்டையில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். ஒரே பெண் ஓர் ஆவணத்தில் ‘ஸ்ரீ’யுடனும் இன்னொன்றில் ‘சிறி’யுடனும் நிற்பாள், ஆங்கிலத்தில் மூன்றாவது உருவம் எடுப்பாள். படிவத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்ற ஐயத்துக்கு வழமையான விடை, தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி என்பதே. ஏனைய ஆவணங்களில் வேறுபாடு இருந்தால், இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறப்புப் பதிவிலேயே பிழை இருந்தால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவு வழியாகத் திருத்தம் கோரலாம். இது சில கிழமைகளில் முடியும் வேலையன்று. வர்த்தமானி வெளிவந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது.

கிழக்கில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் ஆவணங்கள் தொலைந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நிலாவெளிக் கடற்கரையையும் அடித்தபோது, வீட்டுடன் பெட்டகமும் அதற்குள் இருந்த காகிதங்களும் போன குடும்பங்கள் பல. இழந்த சான்றிதழ்களைப் பலர் மீண்டும் பெற்றுள்ளனர். ஆனால் மறுபடியும் எடுத்த பிரதியில் புதிதாக எழுத்துப்பிழை நுழைந்திருக்கலாம். க.பொ.த. சாதாரண தரம், உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்தே மறுபடியும் பெறலாம். பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே ஒரு கோப்புறை திறந்து, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பெறுபேறுகள், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை அடுக்கி, எல்லாவற்றிலும் பெயரையும் பிறந்த திகதியையும் ஒத்துப் பார்ப்பது அரை நாள் வேலை.

கட்டணமும் தபாலும் இணையமும்

பரீட்சைக் கட்டணத்தைப் பரீட்சைகள் ஆணையாளர் நாயகத்தின் 20-03-02-13 என்ற வருமானத் தலைப்பில் வரவு வைக்குமாறு தபாலகத்திலோ பிரதேச செயலகத்திலோ மாவட்டச் செயலகத்திலோ செலுத்துவது தாள் விண்ணப்பத்துக்கான முறை. பணம் வாங்கும் உத்தியோகத்தர் அவசரத்தில் வேறு தலைப்பை எழுதிவிடலாம். ஆகவே பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியதும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டைப் படிவத்தில் குறித்த இடத்தில் ஓரம் மட்டும் பசை தடவி ஒட்டுவார்கள். ஒட்டுமுன் அதற்கும் நிரப்பிய படிவத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது பின்னர் வரும் பல தகராறுகளுக்கு மருந்து. செலுத்திய கட்டணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது.

தாள் விண்ணப்பம் பதிவுத் தபாலில் போக வேண்டும். கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பரீட்சையின் பெயரை எழுத வேண்டும். இறுதித் திகதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் தாமதித்ததாகவோ தொலைந்ததாகவோ சொல்லும் முறைப்பாடு ஏற்கப்படாது. கிடைத்ததாகப் பதிலும் வராது. ஆகவே விண்ணப்பதாரர் கையில் எஞ்சும் ஒரே சாட்சி பதிவுத் தபால் பற்றுச்சீட்டு. சேமிப்புப் புத்தகத்தைப்போல் அதைப் பேண வேண்டும்.

அண்மைய ஆண்டுகளில் பரீட்சைத் திணைக்களம் இணையவழி விண்ணப்பத்துக்கு மாறி வருகிறது. நேரம் மிச்சமாகிறது, கவலை இடம் மாறுகிறது. தொடர்பாடல் நிலையத்தில் யாரோ ஒருவர் தட்டச்சிட, பக்கத்தில் நின்று ‘சரி, சரி’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், சமர்ப்பித்த பின் திருத்த முடியாத தரவுகளில் பிழை நிலைத்துவிடும். அந்த நிலையத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தவருக்குத் திணைக்களத்தின் குறுஞ்செய்தி ஒருபோதும் வந்து சேராது. தன் எண், தன் மின்னஞ்சல், தானே தட்டச்சிட்ட எழுத்து என்பது விதியாக இருக்கட்டும். சில அறிவித்தல்களில் இணையத்தில் சமர்ப்பித்த படிவத்தை அச்சிட்டு, கையொப்பம் உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பவும் கேட்பார்கள். அந்த வரியைக் கவனிக்காதவரின் விண்ணப்பம் பாதியிலேயே நின்றுவிடும். இறுதி இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்நுழைவதால் இணையம் நெரிசலாகும். மழைக்காலமானால் நிலாவெளியில் மின்சாரமும் போகலாம்.

அனுமதி அட்டையும் வினாத்தாளும்

பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பு அனுமதி அட்டை வழங்கப்பட்டதாகத் திணைக்களம் அறிவிக்கும். அறிவித்தல் வந்தும் அட்டை கிடைக்காதவர், விண்ணப்பப் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டு, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் விவரங்களுடன் உடனே விசாரிக்க வேண்டும். அனுமதி அட்டை கிடைத்துவிட்டால் தகைமை ஏற்கப்பட்டுவிட்டது என்று மகிழ்வது தவறு. அட்டை வழங்குவது தகைமையை ஏற்றதாகாது என்று அறிவித்தலே சொல்கிறது. படிவத்தில் சொன்னதை நம்பித் திணைக்களம் மண்டபத்துக்குள் விடுகிறது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பின்னர்தான்.

எழுத்துப் பரீட்சை அறிவித்தலில் குறிக்கும் நகரங்களில் நடக்கும். கொழும்பாக இருந்தால் திருகோணமலையிலிருந்து தரைவழி சுமார் 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இரவு பஸ்ஸில் போய், புறக்கோட்டைப் பஸ் நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போகிறவர் முதல் வினாத்தாளைத் தூக்கக் கண்ணோடு எழுதுவார். முதல் நாளே போய்ச் சேர்வது செலவானாலும் தேவையான செலவு. அடையாளத்தை உறுதிப்படுத்தும் ஆவணம் இல்லாமல் மண்டபத்துக்குள் நுழைய முடியாது. தேசிய அடையாள அட்டைக்குப் பதிலாகச் செல்லுபடியான கடவுச்சீட்டு போன்ற மாற்று ஆவணம் ஏற்கப்படுமா என்பதை அறிவித்தலில் பார்க்க வேண்டும்.

வினாத்தாள்களின் அமைப்பும், சேவையின் விதிகளை வகுக்கும் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி மாறும். பொது நுண்ணறிவு, இலங்கையின் சமூக, பொருளாதார, அரசியல் பின்னணி, உலகப் போக்குகள், முகாமைத்துவ உளச்சார்பு, ஆக்கத்திறனும் பகுப்பாய்வும் தொடர்பாடலும் ஆகியவை நிர்வாக சேவைப் பரீட்சையில் இடம்பெற்ற துறைகள். இவற்றில் பெரும்பகுதி மனப்பாடத்துக்கு அடங்காது. நீளமான பந்தி ஒன்றைக் கேட்ட அளவுக்குச் சுருக்குவது, தரவு அட்டவணை ஒன்றிலிருந்து முடிவு சொல்வது, ஒரு பிரச்சினைக்கு இரண்டு வழி காட்டி ஒன்றைத் தேர்ந்து காரணம் கூறுவது ஆகியவையே அங்கே கேட்கப்படும் திறன்கள். நிலாவெளி உப்பளத்து வேலையாட்களின் குறை, மீன்பிடிக்கும் சுற்றுலா விடுதிக்கும் இடையே கடற்கரைப் பங்கீடு, புறாத்தீவின் பவளப்பாறையைக் காத்துக்கொண்டே படகோட்டிகளின் வருமானத்தையும் காப்பது என்று ஊரிலேயே பயிற்சி வினாக்கள் நிறைய இருக்கின்றன. உதவிப் பிரதேச செயலாளரின் மேசைக்கு வரப்போகும் கடிதங்களும் இவைதான்.

நேர்முகப் பரீட்சையும் அதன் பின்னும்

வெற்றிடங்களின் எண்ணிக்கைக்கேற்பத் திறமை வரிசையில் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பார்கள். மூலச் சான்றிதழ்கள் மேசையில் வைக்கப்படுவது அன்றுதான். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் அங்கே ஒவ்வொரு காகிதத்துடன் ஒப்பிடப்படும். கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழும் நற்சான்றுப் பத்திரங்களும் கேட்கப்பட்டால் அவையும் கோப்புறையில் இருக்க வேண்டும். பொய்யான தகவல் கண்டுபிடிக்கப்பட்டால், பரீட்சைக்கு முன்போ பின்போ, நியமனம் பெற்ற பிறகுகூட, அது இரத்தாகலாம்.

தெரிவானவர் நியமனக் கடிதத்துடன் பயிற்சிக்குச் செல்கிறார். அந்தப் பயிற்சியைத் தரும் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம், 1966இல் நிர்வாகக் கற்கைகளுக்கான கழகமாகத் தொடங்கி 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்றது. பயிற்சிக்குப் பின் தகுதிகாண் காலம், வினைத்திறமைகாண் தடைதாண்டல் பரீட்சைகள், இரண்டாம் மொழித் தேர்ச்சி என்று படிகள் தொடரும். முதல் பணியிடம் குச்சவெளியாகவும் இருக்கலாம்; மொனராகலையாகவும் இருக்கலாம்.

நியமனம் பெற்றவருக்குத் தனிப்பட்ட கோவை ஒன்று திறக்கப்படும். பதவி உயர்வும் இடமாற்றமும் விடுமுறையும் ஒவ்வொன்றாக அந்தக் கோவையில் ஏறும். ஓய்வு பெறும் நாளை அதில் குறிக்கும் எழுதுவினைஞர், முதலில் பிறந்த திகதியைத் தேடுவார். அந்தத் திகதி, பல ஆண்டுகளுக்கு முன் நிலாவெளியில் ஒருவர் தன் கைப்பட எழுதிய விண்ணப்பத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.